கறிவேப்பிலை விசாரணை

சாப்பாட்டு மேஜையின் நடுவே பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் காய்ந்துபோன கறிவேப்பிலைக் கொத்து ஒன்று கிடத்தப்பட்டிருந்தது. தலைமாட்டில் ஒரு விளக்கு ஏற்றி வைக்காததுதான் குறை.

அதற்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் விட்டாலும் விசாரிக்கிற வழக்கம் அவரை விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூட, "அந்த நேரத்துல இங்க யாரு இருந்தது?" என்றுதான் ஆரம்பிப்பார். அடுப்பை அணைக்கத் தோன்றாது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மனைவி கஸ்தூரியும் மருமகள் கீர்த்தனாவும் நின்றார்கள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல" என்றார். குற்றம் சொல்லப் போகிற யாரும் அப்படித்தானே தொடங்குவார்கள். "ரெண்டு வருஷமா மளமளன்னு வளந்த செடி. திடீர்னு ஏன் இப்படி ஆவுது? யாரோ அந்த மாதிரி நேரத்துல தொட்டிருக்காங்க."

"எந்த மாதிரி நேரத்துல?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"அதான்... அந்த மாதிரி."

"ராகுகாலத்துலயா?"

"ஏய், தெரியாத மாதிரி கேக்காத. பொம்பளைங்க சமாச்சாரம்." சொல்லி முடிப்பதற்குள் அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லிய குரலில், "மாமா, வேர்ல ஏதோ கோளாறு போல இருக்கு. ட்ரம்மைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தா..." என்றாள்.

"கிளறவும் வேணாம், ஒண்ணும் வேணாம். போன மாசம் மாங்கா ஊறுகாய் பூஞ்சை புடிச்சுதே, அதுக்கும் வேர்தான் கோளாறா? உங்க அத்தை அந்த மூணு நாள்ல மறந்துபோய் ஜாடியைத் தொட்டா. நான் கண்ணால பார்த்தேன். மறுவாரம் ஜாடிக்குள்ள வெள்ளையா பூத்துக் கிடந்துச்சு. ஊறுகாய்க்கே அந்தக் கதின்னா செடிக்கு?"

கீர்த்தனா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். கஸ்தூரி சுழலாத மின்விசிறியைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது பிறகு தெரியவரும்.

"இன்னியிலேர்ந்து மாடிச் சாவி எங்கிட்ட இருக்கும்" என்று தீர்ப்பு வந்தது. "கீர்த்தனா, செடி தேர்ற வரைக்கும் நீ மேல போவாத. மத்தவங்க எங்கிட்ட கேட்டுட்டுப் போகட்டும்."

ஆணியில் தொங்கிய சாவி அவருடைய சட்டைப் பைக்குள் போனது.

அந்தச் சாவி கீர்த்தனாவுக்கு என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் அவள் முகம் அப்போது ஏன் அப்படிச் சுண்டியது என்பது விளங்கும். அடி அண்ணாமலை கிராமத்தில் அவளுடைய அம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய கறிவேப்பிலை மரம் உண்டு. கல்யாணச் சீர் ஏற்றிய லோடு ஆட்டோவில், பீரோவுக்கும் எவர்சில்வர் அண்டாவுக்கும் நடுவே, அதன் பக்கக் கன்று ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி அவள் அப்பா நிறுத்தி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். வேங்கிக்காலில் இருந்த அந்த எட்டு வீட்டுக் குடியிருப்பில் மண் என்று ஒரு பிடி கிடையாது. கீர்த்தனா ஒரு நீல ட்ரம்மை விலைக்கு வாங்கி, மொட்டை மாடியில் வைத்து, கன்றை அதில் நட்டாள். புது வீட்டில் புருஷன் அருண்பிரசாத் வாரத்துக்கு ஒருநாள்தான் ஓசூரிலிருந்து வருவான். மற்ற நாட்களில் அவளைத் தெரிந்ததாக அங்கே இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

செடிக்குத் துணையாகக் கத்தரி வந்தது. தக்காளி வந்தது. அவரைக்கொடி தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்து ஏறியது. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வருகிற வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். கடைத்தெருப் பக்கம் போக முடியாது. அப்படி ஒரு பௌர்ணமியில் குடியிருப்பு முழுக்கக் காய்கறி தீர்ந்துபோயிருந்தபோது, கீர்த்தனா ஒரு முறம் கத்தரிக்காயோடு இறங்கிவந்து வீட்டுக்கு ஒரு கை கொடுத்தாள். அவ்வளவுதான். மறுவாரமே கீழ்வீட்டு மணிமொழி பெயின்ட் டப்பாவில் வெண்டை போட்டாள். அவள் புருஷன் அப்பாதுரை அரிசிப் பையில் பீர்க்கை போட்டுப் பந்தல் கட்டினான். எதிரெதிரே கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள் விதை கேட்டுக் கதவைத் தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எட்டு வீடும் மாடித் தகரக் கொட்டகைக்குக் கீழே சேர்ந்து சாப்பிடும் வழக்கமும் வந்தது. முதல் மாடி கனகாம்பாள் மாமி முதலில் தன் தயிர்சாதத்தோடு ஓரமாகத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச வாரத்தில் கீர்த்தனாவின் அவரைக்காய்ப் பொரியலுக்குக் கையை நீட்டிவிட்டார். வாசனை எத்தனை நாள்தான் ஒருத்தரைத் தள்ளி உட்கார விடும்?

எட்டு வீட்டுத் தாளிப்புக்கும் அந்த நீல ட்ரம்தான். இப்போது அந்தச் செடியைக் கொன்றவள் என்று அவளுக்கே பெயர்.

அன்று மாலை குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் கோதண்டராமன் ஒரு அறிவிப்புப் போட்டார்: "மாடித் தோட்டத்துக்கு வரும் பெண்மணிகள் தத்தம் சூழ்நிலையை அனுசரித்து வரவும்."

"மழை வருமா சார்?" என்று அப்பாதுரை கேட்டிருந்தான்.

மறுநாளிலிருந்து சாவி கேட்கப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவருக்கோ கேட்க வேண்டியதைக் கேட்க நாக்கு எழவில்லை.

"சார், சாவி" என்றாள் மணிமொழி.

"குடுக்கறேன். வந்து... எல்லாம் சௌகரியம்தானே?"

"சௌகரியம்தான் சார். உங்களுக்கு?"

"அதில்லம்மா. சுத்த பத்தமா..."

"இப்பதான் சார் சோப்புப் போட்டுக் குளிச்சேன். வேணும்னா சோப்பு டப்பாவைக் கொண்டாந்து காட்டறேன்."

சாவியை அவள் கையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாளில் பெண்கள் சாவி கேட்டு வருவதே நின்றுபோனது. எதற்கு அந்த விசாரணை? தண்ணீர் ஊற்றும் வேலை கோதண்டராமன் தலையில் விழுந்தது. கத்திரி வெயிலில் குழாயை இழுத்துக்கொண்டு நடந்ததில் மூட்டுவலி வந்தது. தக்காளி வெடித்தது. அவரைக்கொடி துவண்டது.

ஞாயிற்றுக்கிழமை பந்தியும் நின்றுவிட்டது.

கீர்த்தனா புருஷனிடம் போனில் சொன்னாள். "அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றான் அருண்பிரசாத். பேசினான். மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று அரைமணி நேரம் பேசினான்.

படி பெருக்கும் சாக்கில் அவள் கடைசிப் படி வரைக்கும் ஏறுவாள். பூட்டிய கதவின் அடியில் விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியே சருகு ஒன்று காற்றில் நகர்ந்து வந்து அவள் காலடியில் நிற்கும். எடுத்து மோந்து பார்ப்பாள். காய்ந்த பிறகும் அதில் அம்மா வீட்டு ரசம் மணந்தது.

ஒருவருக்கு மட்டும் கதவு கேள்வியில்லாமல் திறந்தது. கனகாம்பாள் மாமியின் கணவர் சாம்பமூர்த்தி குருக்கள் கோயில் கைங்கரியத்தை மகனிடம் விட்டுவிட்டு, தேரடித் தெருப் பக்கத்துப் பழைய வீட்டிலிருந்து இங்கே வந்தவர். விடியற்காலையில் குளித்து, ஈர வேட்டியும் பித்தளைச் சொம்புமாக அவர் படியேறி வந்தால் கோதண்டராமன் தூக்கம் கலைந்து எழுந்து, கைகூப்பிக் கதவைத் திறந்துவிடுவார்.

"வாங்க சாமி. உங்க காத்துப் பட்டாலே செடி பொழைச்சுக்கும்."

"பகவான் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டே குருக்கள் உள்ளே போவார். பெண்களின் முகத்தையும் நடையையும் அளந்து பார்த்த மனிதருக்கு, அந்தச் சொம்பில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டுமென ஒருநாளும் தோன்றவில்லை.

செடியோ பிழைக்கவில்லை. கீர்த்தனா அந்தப் பக்கமே போகாமல் வாரக்கணக்கு ஆகியும் மிச்ச இலைகளும் மஞ்சளாகிக் கொட்டின.

"இப்ப யாரு தொட்டது?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"பழைய தோஷம். அவ்ளோ சீக்கிரம் இறங்குமா?" என்றார் கோதண்டராமன். பிறகு குருக்களிடம் போய், "சாமி, அந்தச் செடிக்கு ஏதாச்சும் பரிகாரம் பண்ணிடலாமா?" என்று நின்றார்.

குருக்கள் நல்ல மனிதர். யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாது. "செடிக்குன்னு தனியா ஒண்ணும் நான் படிச்சதில்லையே. ஆனா அபிஷேகம் பண்ணினா தப்பில்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு வீடும் மாடியில் கூடியது. வெகுநாளைக்குப் பிறகு கூடியதால் எல்லோருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். மலை பளிச்சென்று தெரிந்தது. கீர்த்தனா மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம், கடைசிப் படியில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நீல ட்ரம்முக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. குருக்கள் மந்திரம் சொல்லிப் பால் ஊற்றினார், தயிர் ஊற்றினார், தேன் விட்டார். பஞ்சாமிர்தம் வந்தது. திருநீறு வந்தது. ட்ரம்முக்குள் விட்டது எதுவும் கீழே இறங்கவில்லை. பாயசம்போல விளிம்பு வரை வந்து தளும்பி நின்றது. குமிழி ஒன்று மெல்ல எழும்பி வெடித்தது.

மணிமொழி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, என்ன நாத்தம் இது!"

"பேசாத. பூஜை நடக்குது" என்றார் கோதண்டராமன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அதற்குள் ட்ரம்மின் இடுக்கிலிருந்து கட்டெறும்புகள் அணியணியாகக் கிளம்பிக் குருக்களின் காலில் ஏறின. அவர் மந்திரத்தை விடாமல் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு மறுகாலில் நின்றார். அப்புறம் மந்திரத்தை விட்டார். தண்ணீரை வடித்துவிடலாமென்று அப்பாதுரை ஓடிவந்து ட்ரம்மைச் சாய்த்தான். கனம் தாங்காமல் அது கையை விட்டு உருண்டது. கறிவேப்பிலைச் செடி வேரோடு வெளியே வந்து விழுந்தது.

வேர் அழுகிக் கறுத்திருந்தது. ட்ரம்மின் அடியில் திருநீறும் சந்தனமும் சுண்ணாம்புக் காரைபோல இறுகி, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்திருந்தன. அதன்மேல் வில்வ இலைகள். நடுநடுவே பளபளவென்று பேரீச்சங்கொட்டைகள்.

கஸ்தூரி குனிந்து ஒரு கொட்டையை எடுத்தாள். "கறிவேப்பிலைச் செடியில பேரீச்சம்பழம் எப்பங்க காய்ச்சுது?"

கனகாம்பாள் மாமிதான் புருஷன் பக்கம் திரும்பினார். "ஏன்னா, தினம் சொம்பை எடுத்துண்டு மாடிக்குப் போறேளே, ஆத்துப் பூஜை அபிஷேக தீர்த்தத்தை இதுலயா கொட்டிண்டிருந்தேள்?"

"பின்னே எங்க கொட்டறது?" என்றார் குருக்கள் வெள்ளை மனசோடு. "கால் படாத இடமா இருக்கணும். அந்தப் பழைய ஆத்துல நந்தியாவட்டைச் செடி இருந்தது. இங்க பாத்திரம் தேய்க்கிற தொட்டியிலயா ஊத்துவா? செடி வாடறதேன்னுதான் சித்திரை பொறந்ததுலேர்ந்து அரைப்படி பால் கூடவே விட்டேன்." சொல்லச் சொல்லத்தான் அவருக்கே உறைத்தது. கையிலிருந்த சொம்பு தாழ்ந்தது. "அடடா... நானா?"

எல்லாக் கண்களும் கோதண்டராமன் பக்கம் போயின. தினமும் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தானே. அவர் மலையைப் பார்த்தார், தகரக் கொட்டகையைப் பார்த்தார், கீழே கிடந்த செடியைப் பார்த்தார். கண்காணிப்பாளராக இருந்தவருக்கு ஒரு வழி கிடைக்காமல் போகுமா?

"சாமி, நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்றார் தழுதழுத்து. "இது சாதாரணச் சாவு இல்ல. அபிஷேகத் தீர்த்தம் பட்டுப் போயிருக்கு. இந்தச் செடி மோட்சம் போயிடுச்சு!"

முதலில் சிரித்தது கஸ்தூரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"நாங்க தொட்டா செத்துப்போச்சு. சாமி ஊத்துனா மோட்சம் போயிடுச்சு. அப்படித்தானங்க?"

"ஏய், நாலு பேரு இருக்காங்க."

"இருக்கட்டும். எம்மருமக பேரை நாலு பேர் வாயிலதான போட்டீங்க?"

கோதண்டராமன் தோற்கிற கட்சியில் நின்று பழக்கப்பட்டவர் அல்லர். பழைய சாட்சியை வெளியே எடுத்தார். "சரி, செடியை விடு. ஊறுகாய்? அதுல எந்தச் சாமி தீர்த்தம் ஊத்துச்சு? அந்த மூணு நாள்ல நீ ஜாடியைத் தொட்டதை நான் கண்ணால பார்த்தேனே!"

கஸ்தூரியின் சிரிப்பு நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து, "அத்தை, வேணாம் அத்தை" என்று கீர்த்தனாவின் குரல் வந்தது. அவளுக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிற பெண்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கஸ்தூரிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. மாசத்தில் அந்த மூன்று நாள்தான் யாரும் அவளை எதையும் கேட்கமாட்டார்கள். சின்ன அறையில் பாயை விரித்து, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கால்நீட்டி உட்காருவாள். ஒதுக்கி வைக்கிறார்கள் என்று முதலில் அழுதவள்தான். போகப்போக அதையே விடுமுறையாக்கிக்கொண்டாள். அந்த விடுமுறையைக் காப்பாற்றத்தான் அன்று மேஜைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். இன்று கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள்.

"எனக்கு நின்னு அஞ்சு வருஷம் ஆச்சு" என்றாள் கஸ்தூரி.

"என்னது நின்னு?"

"அதான். அந்த மாதிரி."

மணிமொழி இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். கோதண்டராமனின் வாய் திறந்தபடியே இருந்தது.

"ஊறுகாயில ஈரக் கரண்டியைப் போட்டது நீங்க. மோர்சாதம் சாப்பிட்ட கரண்டியை அப்படியே ஜாடியில விட்டீங்க. நானும் கண்ணாலதான் பார்த்தேன்."

அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது. அஞ்சு வருஷம். மாசா மாசம் மூணு நாள். விடிகாலையில் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு...

"அப்ப நான் போட்டுக் குடுத்த காப்பியெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் கஸ்தூரி மனசார. "இனிமேயும் போடுங்க. அதுக்கு நான் தூரமா இருக்கணும்னு என்ன இருக்கு?"

பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையைத் துழாவி, சாவியை எடுத்து வைத்தார். கஸ்தூரி கதவருகே போய் அதைக் கீர்த்தனாவிடம் கொடுத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து மாடிக்குள் இழுத்தாள்.

கீர்த்தனா செத்த செடியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அழுகிய வேர்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். ட்ரம்மின் ஓரமாகப் படர்ந்திருந்த ஒரு வேர் மட்டும் இன்னும் வெளுத்திருந்தது. அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பக்கக் கன்று, இரண்டே இலையோடு.

அவள் கையை நீட்டி, சட்டென்று நிறுத்தினாள். அத்தையின் காதருகே, "அத்தை, இன்னிக்கு நான்..." என்றாள்.

"தெரியும்டி. நேத்தே தெரியும். எடுத்து நடு."

மணிமொழி ஓட்டைபோட்ட பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்தாள். கனகாம்பாள் மாமிக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டார். கன்று நின்றது.

"நான் இனிமே தீர்த்தத்தை எங்க கொழந்தே சேர்க்கறது?" என்று குருக்கள் கவலையோடு கேட்டார்.

"நீர்மோர் மாதிரி நிறையத் தண்ணி விட்டுக் கரைச்சுக் குடுங்க மாமா. எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்திக்கலாம். பேரீச்சங்கொட்டையை மட்டும் எடுத்துடுங்க."

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. கார்த்திகை தீபத்துக்கு ஊர் பரபரத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரக் கொட்டகைக்குக் கீழே எட்டு வீட்டுப் பந்தி நடந்தது. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ராஜமாணிக்கம் என்பவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "என்ன சார், கறிவேப்பிலை இப்படி மணக்குது!" என்றார்.

"நம்ம மாடிச் செடி" என்றார் கோதண்டராமன் பெருமையாக. பெயின்ட் டப்பாவிலிருந்து நீல ட்ரம்முக்கு மாறி அது இடுப்புயரம் வந்திருந்தது. "எதையும் நேரம் காலம் பார்த்து வெக்கணும் சார். வெச்சா இப்படித்தான் வரும்."

"ஆமாங்க" என்றாள் கஸ்தூரி, அவர் இலையில் பொரியலை வைத்தபடி. "அந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் வெச்சோம்."

பந்தியிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தத்தம் இலைக்குள் குனிந்துகொண்டார்கள். கீர்த்தனாவின் தோள் குலுங்கியது.

கோதண்டராமனின் கை வாயருகே நின்றது. மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். காது இரண்டும் மெல்லச் சிவந்தன. வாயில் இருந்த கறிவேப்பிலையைத் துப்பவும் முடியாது. இத்தனை நாளாக எத்தனை சாப்பிட்டாரோ, அவருக்கே தெரியாது.

மென்றார். விழுங்கினார்.

"ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.